கண்ணாயிரத்தின் ரெண்டு நிமிஷம்

கண்ணாயிரம் ஓய்வு பெற்று ஒரு வருடம் ஆகியிருந்தது. ஆனால் அந்தச் செய்தி அவருடைய வாய்க்கு இன்னும் போய்ச் சேரவில்லை. கல்யாண மண்டபத்தில் பந்திக்கு முண்டுகிறவர்களைப் பார்த்தால் "உள்ள போ, உள்ள போ, நடுவுல எவ்ளோ எடம் கெடக்குது பாரு" என்று வந்துவிடும். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்கு டீ குடிக்கப் போனால், பின்பக்கமாக வரும் ஏதாவது ஒரு பஸ்ஸின் முதுகைத் தட்டி "வா, வா, வா, ஒடி, ஹோல்டான்" என்று நிறுத்திக் கொடுத்த பிறகுதான் டீ உள்ளே இறங்கும். அந்த பஸ்ஸின் கண்டக்டர் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருப்பார். தடுக்க மாட்டார். சீனியர் ஆயிற்றே.

மூங்கில்துறைப்பட்டுப் பக்கம் கரும்பு வெட்டும் குடும்பத்தில் பிறந்தவர். பத்தாவது முடித்து, கண்டக்டர் உரிமம் எடுத்து, வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து சர்வீஸில் பாதிக்கு மேல் மலை வண்டியில்தான் கழித்தார். கள்ளக்குறிச்சியில் கிளம்பி, கச்சிராயப்பாளையம் தாண்டி, கோமுகி அணையைத் தொட்டு, வளைந்து வளைந்து கரியாலூர், வெள்ளிமலை. ஏறும்போது அணைத் தண்ணீர் கீழே தகதகவென்று தெரியும். வெளியூர்க்காரர்கள் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி அதைப் பார்ப்பார்கள். கண்ணாயிரம் அந்தத் தலைகளைப் பார்ப்பார். "தலைய உள்ள எடு. யோவ் நீல சட்ட, ஒன்னத்தான்." அணையை அவர் ஒழுங்காகப் பார்த்தாரா என்று கேட்டால் சொல்வது கடினம். அணையைப் பார்த்த எல்லாரையும் பார்த்திருக்கிறார்.

இப்படிப்பட்ட மனிதரோடு குடும்பம் நடத்திய கமலா, வீட்டில் தையல் மெஷின் வைத்துப் பிளவுஸ் தைப்பவர். மெஷின் சுவரைப் பார்த்துப் போட்டிருக்கும், வெளிச்சம் முதுகுப் பக்கமிருந்து வர வேண்டும் என்பதற்காக. கல்யாணமான புதிதில் சினிமாவுக்குப் போனார்கள். டிக்கெட் வாங்கித் திரும்பினால் கவுண்டரில் கூட்டம் நெருக்கியது. "நீ போய் உள்ள உக்காரு, ரெண்டு நிமிஷத்துல வந்துடறேன்" என்றார் கண்ணாயிரம். அவர் கூட்டத்தை வரிசைப்படுத்தி முடித்து உள்ளே வந்தபோது இடைவேளை விட்டிருந்தார்கள். இன்னொரு முறை சென்னைக்குக் கல்யாணத்துக்குப் போகும் வழியில் உளுந்தூர்பேட்டையில் டீக்கு நிறுத்தினார்கள். இரண்டு பஸ்கள் மூக்கோடு மூக்கு மாட்டிக்கொண்டு நின்றன. "ரெண்டே நிமிஷம்" என்று இறங்கிப் போனார். இரண்டு பஸ்களையும் பிரித்துவிட்டார். பிரிந்து போன பஸ்களில் ஒன்று அவர் வந்த பஸ். கமலா அதில் உட்கார்ந்தபடியே சென்னை போய்ச் சேர்ந்து, தாலி கட்டுவதைத் தனியாகப் பார்த்தார். மத்தியானச் சாப்பாட்டுக்குக் கண்ணாயிரம் வந்துவிட்டார். பந்தியில் நல்ல ஒழுங்கு இருந்தது என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள்.

மகள் எழில்மதி சென்னையில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறாள். ஒருமுறை அலுவலகத்தில் கப்பலில் சிங்கப்பூர் கூட்டிப் போயிருந்தார்கள். திரும்பி வந்து அம்மாவிடம் கடைகளைப் பற்றிச் சொன்னாள், சாப்பாட்டைப் பற்றிச் சொன்னாள். கமலா நூல் கோத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் அவள் ஒன்று சொன்னாள்: "காலைல மேல்தளத்துல நின்னோம்மா. கடலுக்கு நடுவுலேர்ந்து ஊரே எந்திரிச்சி வருது."

கமலாவின் கால் மெஷினில் நின்றுவிட்டது.

"ஊரு எப்பிடிடி எந்திரிச்சி வரும்?"

"போய்ப் பாத்தாதாம்மா தெரியும்."

அதற்கப்புறம் கமலா அதைப் பற்றிப் பேசவில்லை. ஆனால் அவ்வப்போது தைப்பதை நிறுத்திச் சுவரைப் பார்ப்பார். அப்பாவின் ஓய்வுக்குப் பரிசு என்று சொல்லி எழில்மதி இரண்டு பேருக்கும் கப்பல் பயணம் போட்டுக் கொடுத்தபோது அது யாருக்கான பரிசு என்பது கண்ணாயிரத்துக்கே தெரிந்திருந்தது. உளுந்தூர்பேட்டையில் ஒரு டூரிஸ்ட் ஆபீஸ், பல ஊர் ஆட்களையும் சேர்த்து அழைத்துப் போகிறது. மலேசியா வரை விமானம், அங்கிருந்து கப்பல், கடைசிக் காலையில் சிங்கப்பூர்.

கிளம்புவதற்கு முன் எழில்மதி அப்பாவை நாற்காலியில் உட்காரவைத்தாள்.

"யப்பா, நீ அங்க இன்னா வேணா பண்ணு. ஆனா ஊரு வர்றப்ப அம்மா பக்கத்துல நிக்கணும். நீ தான் வீடியோ எடுக்கணும். கையில அடிச்சி சொல்லு."

"இதுக்குப் போயி இன்னாத்துக்குடி சத்தியம்?"

"அடி."

அடித்தார். கமலா உள்ளே பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தார். அவருக்குக் கேட்டிருக்கும். அவர் ஒன்றும் பேசாததுதான் கண்ணாயிரத்தைத் தொந்தரவு செய்தது. திட்டியிருந்தால் பதில் இருந்தது. "இந்தவாட்டி பாரு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். சொல்லும்போது நம்பவும் செய்தார்.

கப்பலைப் பார்த்ததும் அவருக்கு முதலில் வந்தது பிரமிப்பு அல்ல, கவலை. இத்தனை பேர் ஏறுகிற வண்டியில் ஒரு கண்டக்டர்கூட இல்லை. ஆளாளுக்கு அட்டையைக் காட்டிவிட்டு உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள்.

"இத்தினி பேரையும் யாரு பாத்துக்கறது?" என்று பகலவனிடம் கேட்டார். பகலவன்தான் இவர்களை அழைத்து வந்த வழிகாட்டி. ஒரு குச்சியில் மஞ்சள் துணியைக் கட்டி எப்போதும் தூக்கிப் பிடித்திருக்கும் இளைஞன்.

"கப்பல்ல அதுக்குன்னு ஆளுங்க இருக்காங்க சார். நீங்க நிம்மதியா இருங்க."

நிம்மதியாக இருப்பது எப்படி என்று கண்ணாயிரத்துக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. முதல் நாளே ஒரு பயிற்சி நடத்தினார்கள். ஆபத்து வந்தால் எங்கே கூட வேண்டும், லைஃப் ஜாக்கெட்டை எப்படி மாட்டிக்கொள்ள வேண்டும் என்று ஒரு பெண் செய்து காட்டினாள். ஜாக்கெட்டின் தோளில் ஒரு சின்ன விசில் தொங்கிக்கொண்டிருந்தது. கண்ணாயிரத்தின் கண் அதன் மேல் விழுந்ததைக் கமலா பார்த்துவிட்டார். "வேணாங்க" என்பதற்குள் விசில் வாய்க்குப் போய்விட்டது. நல்ல விசிலா என்று பார்க்கத்தான் ஊதினார். ஆனால் வருடக்கணக்கில் பழகிய வாய், இரண்டாக ஊதிவிட்டது.

இரட்டை விசில் என்றால் வண்டி கிளம்பலாம். கள்ளக்குறிச்சி, சின்னசேலம், தியாகதுருகம் பக்கத்திலிருந்து வந்திருந்த நாற்பது பேரும் திரும்பி நடக்க ஆரம்பித்துவிட்டார்கள். யாரும் யோசிக்கவில்லை. அந்தப் பெண் கையில் ஜாக்கெட்டோடு வாயைத் திறந்தபடி நின்றாள். எல்லாரையும் திரும்பக் கூட்டி வந்து பயிற்சியை முதலிலிருந்து ஆரம்பித்தார்கள்.

"சூப்பரு கண்டக்டர் அண்ணே" என்றார் கொளஞ்சியம்மாள். சின்னசேலத்தில் ஜவ்வரிசி மில் வைத்திருப்பவர். மூன்று பைகள் நிறைய முறுக்கும் தட்டையும் கொண்டு வந்திருந்தார். "நீ ஊதுனா கப்பலே திரும்பிடும் போல."

கமலா மட்டும் சிரிக்கவில்லை. "நாளன்னிக்கி காலைல இதெல்லாம் கூடாது" என்றார்.

"சத்தியமே பண்ணியிருக்கறேன் கமலா."

"அதான் பயமா இருக்குது."

கடைசிக் காலை. இருட்டாக இருக்கும்போதே கமலா குளித்து, பட்டுப்புடவை கட்டி, பூ வைத்துத் தயாராக இருந்தார். கண்ணாயிரமும் புதுச் சட்டை போட்டு, தோளில் துண்டு போட்டு, வீடியோ எடுப்பதற்கான போனைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். படிக்கட்டு வழியாக மேல்தளத்துக்குப் போக வேண்டும். ஐந்தாவது தளத்தைக் கடக்கும்போது பேச்சுச் சத்தம் கேட்டது. கண்ணாயிரம் எட்டிப் பார்த்தார்.

பார்த்திருக்கக் கூடாது.

கள்ளக்குறிச்சிக்குள் பஸ் நுழைந்ததும், ஸ்டாண்டு வர இன்னும் எவ்வளவு தூரம் இருந்தாலும், மொத்தப் பஸ்ஸும் பையைத் தூக்கிக்கொண்டு படிக்கட்டுக்கு வந்து நிற்கும். முதலில் இறங்கினால் எங்கே போகப் போகிறோம் என்று யாரும் கேட்டுக்கொள்வதில்லை. காலைச் சாப்பாடு முடிந்து, நம்பர் கூப்பிட்ட பிறகு இறங்கினால் போதும் என்று பகலவன் முந்தின நாளே படித்துப் படித்துச் சொல்லியிருந்தான். இருந்தாலும் நாற்பது பேரும் பெட்டிகளோடு அந்த நடைபாதையில் ஒரு பெரிய இரும்புக் கதவின் முன்னால் நெருக்கிக்கொண்டிருந்தார்கள். கதவை ஒட்டி முதல் ஆளாகக் கொளஞ்சியம்மாள்.

"இன்னாம்மா இது, இப்பிடி மொத்தமா அடைச்சிக்கினு நின்னா?"

"நாம ஏறுன வழி இதான் அண்ணே. நீயே சொல்லு."

கண்ணாயிரம் பார்த்தார். கப்பலின் பின்பகுதி, இடது கைப்பக்கம். பஸ்ஸில் மாதிரியே படிக்கட்டு அங்கேதான் இருக்க வேண்டும். சந்தேகமே இல்லை.

"ஏங்க, வாங்க" என்றார் கமலா.

"இவங்கள இப்பிடியே வுட்டா ஒத்தர் மேல ஒத்தர் வுழுந்துடுவாங்க. நீ முன்னால போ. ரெண்டே நிமிஷம், ஒரு வரிசையாக்கிட்டு ஓடியாந்துடறேன்."

கமலா அவரை ஒரு பார்வை பார்த்தார். அவர் தோளிலிருந்த துண்டை எடுத்துக்கொண்டார். படியேறிப் போய்விட்டார்.

துண்டு எதற்கு என்று கண்ணாயிரம் யோசிக்கவில்லை. "பெட்டிங்கல்லாம் செவுரு பக்கம். வயசானவங்க மொதல்ல. யம்மா, அந்தப் பைய மடியில, சீ, தோள்ல மாட்டு." நடைபாதை மெல்ல ஒழுங்குக்கு வந்தது. நல்ல நேரான வரிசை. இப்போது போகலாம் என்று திரும்பினார். அப்போது கைத்தடியோடு ஒரு சீனத் தாத்தா வந்து வரிசையின் கடைசியில் நின்றார். அவரைப் பின்னால் விட மனசு வரவில்லை. கையைப் பிடித்து அழைத்துப் போய்க் கொளஞ்சியம்மாளுக்குப் பின்னால் நிறுத்தினார். தாத்தா தலை குனிந்து வணங்கினார். அவர் மனைவி, மகன், மருமகள், இன்னும் யார் யாரோ அவர் பின்னாலேயே வந்தார்கள். அப்புறம் ஒரு வெள்ளைக்காரக் குடும்பம். வரிசை இவ்வளவு உறுதியாக இருக்கிறது, அதன் தலைப்பில் ஒருவர் இவ்வளவு அதிகாரமாகக் கை காட்டுகிறார், அப்படியென்றால் விஷயம் இருக்கிறது என்று நினைத்திருக்க வேண்டும். எந்த நாட்டு ஆளாக இருந்தாலும் வரிசையைப் பார்த்தால் சும்மா போக மாட்டார்கள் போலிருக்கிறது. வரிசை நடைபாதையைத் தாண்டி, வளைந்து, லிஃப்ட் வரைக்கும் போய்விட்டது.

அப்போதுதான் காலடியில் அது தெரிந்தது. தரையின் அதிர்வு மாறியது. கொண்டை ஊசி வளைவுக்கு முன்னால் டிரைவர் கியரைக் குறைத்தால் உள்ளங்காலில் தெரியுமே, அப்படி. கப்பல் வேகத்தைக் குறைக்கிறது. ஊர் வந்துகொண்டிருக்கிறது.

போக வேண்டும். கண்ணாயிரத்துக்கு அது நன்றாகத் தெரிந்தது. சட்டைப் பையில் போன் கனத்தது. மேலே கமலா தனியாக நிற்பது கண் முன்னால் வந்தது. ஒரு காலை எடுத்து வைத்தார். வரிசையின் நடுவில் யாரோ யாரையோ இடித்தார்கள். "யாரு அது, நடுவுல பூந்தது?" என்று வாய் கேட்க, எடுத்து வைத்த கால் திரும்பிவிட்டது. அவர் திருப்பவில்லை, தானாகவே திரும்பியது. தான் ஏன் இப்படி இருக்கிறோம் என்று ஒரு கணம் அவரே வியந்துபோனார். இங்கே நிற்கிறவர்களில் ஒருவர்கூட அவரை நிற்கச் சொல்லவில்லை. பக்கத்தில் அவர் நிற்க வேண்டும் என்று நினைக்கிற ஒரே ஆள் மேலே நிற்கிறாள். கதவு திறந்து முதல் ஆள் இறங்கியதும் ஓடிவிடலாம், ரெண்டு நிமிஷம், என்று மனசைச் சமாதானப்படுத்தினார்.

கதவு திறந்தது.

உள்ளேயிருந்து மலை மாதிரிப் படுக்கை விரிப்புகள் குவித்த ஒரு தள்ளுவண்டி வந்தது. விரிப்புகளுக்கு மேலே ஒரு தலை தெரிந்தது. அந்த ஊழியர் வெளியே நிற்கிற இருநூறு பேரையும் பார்த்தார். அவர்களுடைய பெட்டிகளைப் பார்த்தார். வண்டியைப் பின்னால் இழுத்துக்கொண்டு கதவைச் சாத்திவிட்டார். கொஞ்ச நேரம் கழித்துக் கதவு ஒரு விரல் அளவு திறந்தது. ஒரு கண் தெரிந்தது. இன்னும் நிற்கிறார்கள் என்பதை உறுதி செய்துகொண்டு மறுபடியும் மூடிக்கொண்டது.

மஞ்சள் துணியோடு பகலவன் ஓடி வந்தான். "சார்! சார்! இன்னா சார் இது? இது துணி தொவைக்கிற ரூம்பு சார்!"

சீனத் தாத்தா என்ன என்பது போலப் பார்த்தார்.

"ஏன் கண்டக்டர் அண்ணே" என்றார் கொளஞ்சியம்மாள், "எங்கள வெளுத்துக் காயப் போடவா இம்மாம் நேரமா வரிசையில நிக்க வெச்ச?"

சிரிப்பு வெடித்தது. அது கேட்கும் தூரத்தில் கண்ணாயிரம் இல்லை. படிக்கட்டில் ஓடிக்கொண்டிருந்தார். பெருமாள் கோயில் படியைக்கூட அவர் அப்படி ஏறியதில்லை. வேட்டியை மடித்துக் கட்டி, கைப்பிடியைப் பிடித்து இழுத்து இழுத்து ஏறினார். மேல்தளத்துக் கதவைத் தள்ளித் திறந்தபோது வெயில் முகத்தில் அடித்தது.

கப்பல் நின்றிருந்தது. கயிறு கட்டிக்கொண்டிருந்தார்கள். எதிரே சிங்கப்பூர், நேற்றும் அதற்கு முந்தின நாளும் அங்கேயேதான் இருந்தேன் என்பது போல அசையாமல் இருந்தது. கண்ணாடிக் கட்டடங்கள், ஒரு பெரிய ராட்டினம், மூன்று கோபுரங்களின் தலையில் படுத்துக்கிடக்கும் படகு மாதிரி ஒன்று. ஊர் வந்துவிட்டிருந்தது. அது வருவதை மட்டும்தான் பார்க்க முடியவில்லை.

முன்பக்கக் கம்பியோரம் கமலா நின்றார். அவருக்குப் பக்கத்தில் ஒரு ஆள் நிற்கிற அளவுக்கு இடம். அந்த இடத்துக் கம்பியின் மேல் கண்ணாயிரத்தின் துண்டு விரித்துப் போட்டிருந்தது.

கண்ணாயிரம் துண்டைப் பார்த்தார். எத்தனை பஸ்களில், எத்தனை துண்டுகளை எடுத்து எறிந்திருக்கிறார். "துண்டு போட்டா சீட்டு ஒனுக்கா?" என்று எத்தனை பேரிடம் கத்தியிருக்கிறார்.

"ஒரு வெள்ளக்காரி வந்தா" என்றார் கமலா, திரும்பாமலே. "அப்பறம் இன்னொருத்தரு வந்தாரு. எல்லார்கிட்டயும் ஆளு வருதுன்னு சொன்னேன். தமிழ்லதான் சொன்னேன். புரிஞ்சிக்கினாங்க."

"கமலா..."

"வரிசையா நிக்க வெச்சிட்டீங்களா?"

"தொவைக்கிற ரூம்பு முன்னாடி நிக்க வெச்சிட்டேன்."

கமலாவின் தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று பயந்துபோய் எட்டிப் பார்த்தார். புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார். சிரித்து முடித்ததும் அவர் முகம் பழையபடி ஆகிவிட்டது. அதில் கோபம் இல்லை. எதையோ வயிறு நிறையச் சாப்பிட்டவரின் முகம். கண்ணாயிரத்துக்கு அதுதான் தாங்கவில்லை. அவர் இல்லாமலே அது நடந்து முடிந்திருந்தது.

"எப்பிடி இருந்துச்சி?"

"நல்லா இருந்துச்சி."

"அவ்ளோதானா? சொல்லேன்."

"மொதல்ல இங்க நில்லுங்க." துண்டை எடுத்து அவர் தோளில் போட்டார். "நின்னாதான் சொல்லுவேன்."

நின்றார். கரை பக்கத்தில் வந்ததும் போனில் சிக்னலும் வந்துவிட்டது போல. சட்டைப் பை அலறியது. கொளஞ்சியம்மாள். குரல் கமலாவுக்கும் கேட்டது. "அண்ணே, எங்க இருக்கற? நம்ம நம்பரு கூப்புட்டாங்க. இந்தப் பையன் வேற கதவ காட்டறான். நீ வந்து பாத்து சொன்னாதான் எறங்குவோம்னு எல்லாரும் நிக்கறாங்க. சீனாக்காரரும் நிக்கறாரு."

கண்ணாயிரத்தின் கால் தானாகவே திரும்பியது. இந்த முறை அவர் அதைக் கவனித்தார். குனிந்து அந்தக் காலையே பார்த்தார். பிறகு போனைக் கமலாவிடம் நீட்டினார்.

"யக்கா, நான் கமலா. அவரு வர்ல, நீங்க எறங்குங்க. இல்லக்கா, ஒடம்புக்கு ஒண்ணும் இல்ல. வேடிக்க பாத்துக்கினு இருக்கறாரு."

அந்தப் பக்கமிருந்து "கண்டக்டரா?" என்று மட்டும் கேட்டது. கமலா போனை அணைத்துத் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

"ம். மொதல்ல ஊரே இல்ல" என்று ஆரம்பித்தார். "இருட்டு. கடல்ல அங்கங்க கப்பலுங்க நின்னுக்கினு இருந்துச்சி, ஒவ்வொண்ணுலயும் லைட்டு. அத்தினி கப்பலு. அப்பறம் வானம் வெளுத்துச்சா, அடியில ஓரமா மெல்லிசா ஒரு கறுப்பு. பிளவுஸ் கைக்கு பைப்பிங் வெப்பனே, அந்தத் தினிசு. அந்தப் பைப்பிங்குலேர்ந்து கட்டடம் ஒண்ணொண்ணா எந்திரிச்சிச்சி. எழிலு சொன்னது நெசந்தான்."

"அப்பறம்?"

"அப்பறம் ஒரு சின்ன படகு வந்துச்சி. அதுலேர்ந்து ஒத்தரு ஏணியில ஏறி நம்ம கப்பலுக்குள்ளார வந்தாரு. அவருதான் வழி காட்டி உள்ள இட்டுக்கினு போவாராம். பக்கத்துல நின்ன மலையாளத்துக்காரரு சொன்னாரு."

கண்ணாயிரத்துக்கு ஆர்வம் வந்துவிட்டது. "இம்மாம் பெரிய கப்பலுக்கு ஒத்த ஆளா? எங்க நின்னாரு? விசில் வெச்சிருந்தாரா?"

"தெரியல. ஆனா ஒண்ணு, வந்தவரு யாரையும் வரிசையில நிக்க வெக்கல."

கீழே, கரைக்குப் போட்ட பாலத்தில் ஆட்கள் பெட்டிகளோடு இடித்துக்கொண்டு இறங்குவது மேலிருந்து தெரிந்தது. கண்ணாயிரம் அது தெரியாத மாதிரிக் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கமலா கை காட்டிய பக்கம் பார்த்தார்.

"அந்த ராட்டினம் எப்ப வந்துச்சி?" என்று கேட்டார்.

"அதுவா? அதுக்கு முன்னாடி ஒண்ணு இருக்குது" என்றார் கமலா. "அவசரப்படாதீங்க. வரிசையா சொல்றேன்."